ரோன் நதிக்கரையில் ஒரு வாரம்: ரோமானியக் கற்கள், ஒயின் தோட்டங்கள், வான்கோ நடந்த தெருக்கள்

தெற்கு பிரான்சுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் வரைபடத்தை விரிப்பார்கள். நான் முதலில் காலண்டரைப் பார்க்கச் சொல்வேன். அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சந்தைக் கிழமை உண்டு. மியூசியம் பூட்டியிருக்கும் கிழமை ஒன்று, ஒயின் தயாரிப்பாளர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் சாப்பிடும் கிழமை ஒன்று. கிழமை பார்க்காமல் போனால் ஊர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டி தூரத்தை வைத்துப் போட்டதல்ல, கிழமையை வைத்துப் போட்டது. வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்து, அடுத்த வெள்ளி கிளம்புகிற கணக்கு.

நான் சொல்லும் பகுதி ரோன் நதி கடலில் சேர்வதற்கு முந்தைய நூறு கிலோமீட்டர் சொச்சம். வடக்கே ஓரான்ஜ், நடுவில் அவிஞ்ஞோன், தெற்கே ஆர்ல், மேற்கே கொஞ்சம் தள்ளி நீம். அவிஞ்ஞோனை நடுவில் வைத்து வட்டம் போட்டால் நாம் பார்க்கப்போகும் எல்லாமே ஒரு மணி நேரக் கார் ஓட்டத்துக்குள் வந்துவிடும். கி.மு. 600 வாக்கில் மார்செய் நகரை நிறுவிய கிரேக்கர்கள்தான் இந்தப் பக்கம் திராட்சைக்கொடியைக் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த ரோமானியர்கள் இதைத் தங்கள் 'புரோவின்சியா' ஆக்கிக்கொண்டார்கள். புரோவான்ஸ் என்ற பெயர் அதன் மிச்சம்தான்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையில் பார்க்கும்போது ஆர்லெஸ், நைம்ஸ், ஆரஞ்சு என்றுதான் வாசிக்கத் தோன்றும். ரயில் நிலையத்தில் கேட்கும்போது ஆர்ல், நீம், ஓரான்ஜ் என்று சொன்னால்தான் புரியும்.

முதல் வேலை: மாதத்தை முடிவு செய்வது

செப்டம்பர் இரண்டாம் பாதி, அல்லது ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய. இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். செப்டம்பரில் அறுவடை நடக்கும், தோட்டங்களில் ஆள் நடமாட்டம் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். வசந்தத்தில் ஓவியர் வான்கோ வரைந்த பச்சை அப்படியே கண் முன்னால் நிற்கும். லாவெண்டர் பூ வேண்டுமென்றால் ஜூன் கடைசி, ஜூலை முதல் பாதி. ஆனால் ஜூலையில் அவிஞ்ஞோனில் நாடக விழா. 1947-லிருந்து நடப்பது. விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் அந்த மாதம் அறை வாடகை கேட்டு மயக்கம் வரும். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். சென்னை வெயில் பார்த்தவருக்கு என்ன என்று கேட்கலாம். நிழலே இல்லாத சுண்ணாம்புக்கல் இடிபாட்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு நின்று பாருங்கள், தெரியும்.

மாதம் எதுவானாலும் மிஸ்ட்ரல் என்ற காற்று வரலாம். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் வறண்ட, குளிர்ந்த காற்று. வீசத் தொடங்கினால் சில நாள் விடாது. வானத்தைத் துடைத்து வைத்த மாதிரி ஆக்கிவிடும், அதனால்தான் ஓவியர்கள் பேசும் அந்த வெளிச்சம் கிடைக்கிறது. திராட்சை இலையின் ஈரத்தை உலர்த்திப் பூஞ்சை வராமல் காப்பதும் இதே காற்றுதான். வான்கோ தன் ஓவியச் சட்டத்தின் கால்களைத் தரையில் முளையடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நமக்கு முளை தேவையில்லை, காதை மூடும் ஒரு தொப்பியும் காற்றுப் புகாத ஜாக்கெட்டும் போதும். மே மாதமானாலும் எடுத்துப் போங்கள்.

விசா, டிக்கெட், கார்

பிரான்சுக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பணம் திரும்பக் கிடைக்கும் வகை அறைகளாகவே முன்பதிவு செய்யுங்கள். விசா கைக்கு வரும்வரை எதுவும் நிச்சயமில்லை.

பாரிஸில் இறங்கினால் கார் து லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அவிஞ்ஞோன் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். அந்த ரயில் நிற்கும் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து சின்ன இணைப்பு ரயிலில் ஐந்தாறு நிமிடத்தில் ஊர் நடுவில் உள்ள பழைய நிலையம், அங்கே மாறினால் ஆர்ல் 20 நிமிடம். ரயில் டிக்கெட்டை முன்னாலேயே வாங்கிவிடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

கார் முழு வாரத்துக்கும் வேண்டாம். ஆர்ல், நீம் இரண்டையும் ரயிலிலேயே பார்த்துவிடலாம், அங்கே கார் ஒரு தொல்லை. திங்கள் காலையிலிருந்து வெள்ளி வரை எடுத்தால் போதும். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். கியர் போடாத ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நேரில் போய்க் கேட்டால் கிடைக்காது. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கூடவே ஒரு விதி: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. சின்னச் சந்திலிருந்து ஒரு வண்டி தயக்கமே இல்லாமல் உங்கள் முன்னால் நுழையும். அவர் மேல் தப்பில்லை.

சனி: ஆர்ல்

சனிக்கிழமைக் காலை ஆர்லில் சந்தை. பூல்வார் தே லீஸ் என்ற அகலமான சாலை நெடுக ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், காமார்க் சதுப்புநிலத்து அரிசி, சோப்பு, கூடை, கோழி என்று கடை விரித்திருப்பார்கள். ஆமாம், அரிசி. நதி கடலில் கலக்கும் கழிமுகத்தில் நெல் விளைகிறது. இரண்டு மணி நேரம் சந்தைக்குக் கொடுங்கள், மதியச் சாப்பாட்டையும் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தாப்பெனாட் என்று கறுப்பு ஆலிவ் விழுது ஒன்று விற்பார்கள். ரொட்டியில் தடவிச் சாப்பிட அருமையாக இருக்கும். பார்த்தால் சுத்த சைவம். நான் பாதிப் புட்டி முடித்த பிறகுதான் சீட்டை வாசித்தேன், ஆன்ஷுவா என்ற நெத்திலிக் கருவாடு மாதிரியான மீன் அதில் அரைத்துச் சேர்த்திருந்தது. வழக்கமான செய்முறையே அதுதான். 'சான் ஆன்ஷுவா', அதாவது அது இல்லாமல், என்று கேட்டு வாங்குங்கள். ராத்தத்துய், தியான் என்ற காய்கறிப் பதார்த்தங்கள், சூடான ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட் எல்லாம் நம்பிச் சாப்பிடலாம். ஓட்டலில் 'உய்ன் கராஃப் தோ' என்றால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகத் தருவார்கள், வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். மதியம் இரண்டு மணிக்குச் சமையலறை மூடிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

சந்தைக்குப் பிறகு வட்டரங்கம். கி.பி. 90 வாக்கில் கட்டியது, இருபதாயிரம் பேர் உட்காரும் இடம். ஆனால் எனக்கு இதில் பிடித்தது ரோமானியக் கதை அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. பேரரசு போன பின்னால் ஊர் மக்கள் பாதுகாப்புக்காக இதற்குள்ளேயே குடிபுகுந்து இருநூறுக்கு மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். வளைவுகளை அடைத்துச் சுவராக்கி, காவல் கோபுரம் எழுப்பி, தேவாலயமும் வைத்து ஒரு முழு ஊராகவே வாழ்ந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் வீடுகளை எல்லாம் இடித்துக் காலி செய்தார்கள். கோபுரங்களில் மூன்று இன்னும் நிற்கின்றன. ஒன்றில் ஏறலாம். மேலே போனால் ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் நதி.

இங்கே இன்றும் காளை விளையாட்டு உண்டு. சுவரொட்டியைக் கவனித்து வாசியுங்கள். 'கோரிதா' என்றால் காளையைக் கொல்லும் ஸ்பானிய வகை. 'கூர்ஸ் காமார்கேஸ்' என்றால் வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர்கள் காளையின் கொம்புகளுக்கிடையே கட்டிய ரிப்பன், குஞ்சத்தைப் பறிக்க ஓடுவது. காளை உயிரோடு வீடு திரும்பும், பெயர் வாங்கிய காளைக்கு வீரனைவிட மரியாதை அதிகம். மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மாலையில் வான்கோ. அவர் 1888 பிப்ரவரியில், பனி விழுந்து கிடந்த ஒரு நாளில், ஆர்லுக்கு வந்து இறங்கினார். 1889 மே மாதம் கிளம்பினார். அந்தப் பதினைந்து மாதத்தில் ஓவியமும் கோட்டோவியமுமாக முந்நூறுக்கு மேல். இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அவற்றில் ஒன்றுகூட ஆர்லுக்குச் சொந்தமாக இல்லை. அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளைக் கூடம் வேறு மியூசியங்களிலிருந்து கடன் வாங்கித்தான் காட்டுகிறது. அவர் குடியிருந்த மஞ்சள் வீடு 1944-இல் குண்டுவீச்சில் போய்விட்டது. ஃபோரம் சதுக்கத்தில் அவர் வரைந்த அந்த மஞ்சள் கஃபேயைப் பார்த்து எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நீங்களும் எடுங்கள், ஆனால் சாப்பாட்டுக்கு வேறு தெருவுக்குப் போங்கள். அவர் காதை அறுத்துக்கொண்ட பிறகு கிடந்த பழைய ஆஸ்பத்திரியின் உள்முற்றத்தை மட்டும் தவற விடாதீர்கள். அவர் வரைந்த ஓவியத்தைப் பார்த்துத் தோட்டத்தைத் திரும்ப அமைத்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு நதிக்கரைப் படித்துறைக்கு வந்தால், தண்ணீரில் விளக்கு வெளிச்சம் நீள நீளமாக நெளிவதைப் பார்க்கலாம். அதை வரையத்தான் அவர் இரவில் வந்து நின்றார்.

ஒயினுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1888 இலையுதிர் காலத்தில் ஓவிய நண்பர் கோகனோடு மாலை நடை போனபோது, மழை ஓய்ந்து வெயில் சாய்ந்த நேரம், திராட்சைத் தோட்டம் முழுக்கச் சிவந்திருந்தது. அதை மனதில் வைத்து வீட்டில் வரைந்த 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 1890-இல் 400 ஃபிராங்குக்கு விலை போனது. அவர் வாழ்ந்த காலத்தில் விற்றதாகத் தெரியும் மிகச் சில படங்களில் அது ஒன்று. இப்போது மாஸ்கோவில் இருக்கிறது.

ஞாயிறு: நீல மியூசியம், பிறகு நீம்

காலையில் ஊருக்கு வெளியே, நதியோரமாக, நீலச் சுவருடைய ஆர்ல் தொல்பொருள் மியூசியம். செவ்வாய் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். இங்கே 31 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரோமானியச் சரக்குப் படகு கிடக்கிறது. அடிப்பாகம் தட்டை, ரோன் நதிக்கென்றே கட்டியது. 2004-இல் ஆற்றடிச் சேற்றில் கண்டுபிடித்து, 2011-இல் துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். பலகைகளும் ஆணியும் அப்படியே இருக்கின்றன. 2007-இல் அதே ஆற்றில் எடுத்த ஒரு பளிங்குத் தலையும் உண்டு, ஜூலியஸ் சீசர் உயிரோடு இருந்தபோது செதுக்கியது என்கிறார்கள். சீசர்தானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நான் அதிக நேரம் நின்றது ஆம்ஃபோரா வரிசை முன்னால். கூரான அடி, இரண்டு கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் இவற்றில்தான் பயணம் செய்தன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் 1945-இல் தோண்டியபோது கிடைத்த உடைந்த ஜாடிகளும் இதே குடும்பம்தான். அடிமண்ணில் குத்தி நிறுத்துவதற்காகவும், கப்பலின் அடித்தட்டில் ஒன்றின் தோளிடுக்கில் இன்னொன்றைச் செருகி அடுக்குவதற்காகவும் வைத்த அந்தக் கூர்முனையைக் கிட்டே போய்ப் பாருங்கள். யவனர் கொண்டுவந்த தேறல் நம் கரைக்கு எப்படி வந்து இறங்கியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பிற்பகல் ரயிலில் நீம், அரை மணி நேரம். அங்கே மெசோன் காரே என்ற கோயில் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது, 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தாலே போதும். வட்டரங்கம் ஆர்லைவிட நல்ல நிலையில் இருக்கிறது, எதிரிலேயே 2018-இல் திறந்த ரோமானிய மியூசியம். நேரமிருந்தால் ஃபோன்தேன் தோட்டம் வழியாக மாஞ் கோபுரம் வரை ஏறுங்கள். நடக்கும்போது தரையைப் பாருங்கள்: பனைமரத்தில் சங்கிலியால் கட்டிய முதலை பதித்த சின்னப் பித்தளை வில்லைகள். ரோம் எகிப்தை வென்றதைக் கொண்டாடி இங்கே அடித்த நாணயத்தின் சின்னம் அது. அப்புறம், நாம் போடும் டெனிம் துணியின் பெயர் 'து நீம்', நீமிலிருந்து வந்தது, என்பதிலிருந்து பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

திங்கள்: போன் துய் கார்

காரை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வாருங்கள். காலை வெயிலில்தான் கல் தேன் நிறத்தில் இருக்கும்.

மூன்று அடுக்கு வளைவுகள், 49 மீட்டர் உயரம். பெரும்பாலானவர்கள் இதைப் பாலம் என்று நினைத்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இது தண்ணீர் வாய்க்கால். உஸேஸ் அருகே ஒரு ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தண்ணீர் கொண்டுபோன கால்வாய், இந்த ஆற்றைத் தாண்ட வேண்டியிருந்தது, அதற்குத்தான் இத்தனை பெரிய கட்டடம். ஊற்றுக்கும் ஊருக்கும் உயர வித்தியாசம் பன்னிரண்டு மீட்டர் சொச்சம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சாண் இறக்கம். வயலுக்கு வாய்க்கால் வெட்டியவரைக் கேட்டால் சொல்வார், நூறு அடிக்கு மட்டம் பிடிப்பதே எவ்வளவு பாடு என்று. இவர்கள் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி 50 கிலோமீட்டருக்கு அந்தச் சாணைப் பிடித்திருக்கிறார்கள்.

கீழ் இரண்டு அடுக்கிலும் சாந்து கிடையாது, கல்மேல் கல். கிட்டே போனால் சுவரிலிருந்து சில கற்கள் மொட்டையாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சாரம் கட்டத் தாங்கலாக விட்டவை, வேலை முடிந்த பிறகு செதுக்கி எடுக்கவில்லை. சில கற்களில் எந்த இடத்துக்கு எந்தக் கல் என்று குறித்த எழுத்தும் எண்ணும் இன்னும் தெரியும். கோடையில் கீழே கார்தோன் ஆற்றில் எல்லோரும் குளிப்பார்கள். மாற்றுத் துணி கொண்டுபோங்கள், வளைவுகளைத் தண்ணீரில் மிதந்தபடி அண்ணாந்து பார்ப்பதுதான் சரியான கோணம்.

மாலைக்குள் அவிஞ்ஞோன் போய் நான்கு இரவுக்கு அறை எடுங்கள். காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவது உத்தமம், உள்ளே சந்துகளில் கார் திருப்ப முயன்று பக்கவாட்டுக் கண்ணாடியை ஒரு முறை இழந்திருக்கிறேன். 1309-லிருந்து 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமை விட்டு இங்கே இருந்தார்கள். அவர்கள் அரண்மனை வெளியே பிரம்மாண்டம், உள்ளே பெரும்பாலும் வெற்று அறைகள். அரண்மனைக்கு மேலே உள்ள டோம் பாறைத் தோட்டத்தில் அந்தி நேரம் உட்காருவது எனக்கு அதைவிடப் பிடிக்கும். 22 வளைவுகளில் நான்கு மட்டும் மிஞ்சி ஆற்று நடுவில் அறுந்து நிற்கும் பாலம் கீழே தெரியும்.

செவ்வாய்: வேசோன், ஜிகோந்தாஸ்

செவ்வாய் வேசோன் லா ரொமேனில் சந்தை. ஒன்பது மணிக்குள் போனால்தான் கார் நிறுத்த இடம். சந்தை முடிந்ததும் நடு ஊரில் சாலைக்கு இரு பக்கமும் உள்ள தோண்டல் களங்களுக்குள் நுழையுங்கள். இங்கே அரங்கமும் கோயிலும் முக்கியமல்ல. வீடு, கடைத்தெரு, நடைபாதை, பொதுக் கழிவறை. வரிசையாகத் துளை போட்ட கல் இருக்கைகள், கீழே தண்ணீர் ஓடும் கால்வாய். நடுவில் தடுப்பு கிடையாது, ஊர்க்கதை பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள் போல.

ஊவேஸ் ஆற்றின் மேல் ஒற்றை வளைவுள்ள ரோமானியப் பாலம். 1992 செப்டம்பர் 22-ஆம் தேதி பெய்த பேய் மழையில் ஆறு பாலத்துக்கு மேலேயே புரண்டு ஓடியது, பலர் உயிரிழந்தார்கள், வீடுகளும் புதிய கட்டடங்களும் அடித்துச் செல்லப்பட்டன. இந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் மட்டும் போனது. அதைத் தாண்டினால் குன்றின் மேல் இடைக்கால ஊர். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

பிற்பகல் ஜிகோந்தாஸ். தாந்தெல் து மோன்மிராய் என்ற பல் பல்லாக நீட்டிய சுண்ணாம்புப் பாறைகளுக்குக் கீழே ஒரு சின்ன ஊர். 1971-லிருந்து தனிப் பெயருரிமை உள்ள ஒயின், அதாவது வேறு ஊர் ஒயினுக்கு இந்தப் பெயரை வைக்க முடியாது. ஊர்ச் சதுக்கத்திலேயே பல தயாரிப்பாளர்களின் ஒயினை ஒரே இடத்தில் சுவைக்கத் தரும் கடை இருக்கிறது. முதல் தடவை ஒயின் சுவைக்கிறவர்கள் இங்கே தொடங்குவது நல்லது, ஒரு தோட்டக்காரர் முன்னால் தனியாக நிற்கும் கூச்சம் இருக்காது. குடிக்காதவர்கள் ஊருக்கு மேலே ஏறும் நடைபாதையைப் பிடித்துக்கொள்ளலாம்.

புதன்: சேன் ரெமி

புதன் சேன் ரெமியில் சந்தை. ஆனால் சந்தையை அரை மணியில் முடித்துக்கொண்டு ஊருக்குத் தெற்கே ஒரு கிலோமீட்டர் நடங்கள். சாலையோரம் ஒரு வெற்றி வளைவும் ஒரு நினைவுக் கோபுரமும் காவல் ஏதுமின்றி நிற்கும். எதிரே கிளானும் என்ற பழைய நகரம். ரோமானியருக்கு முன்பே ஊற்று ஒன்றைச் சாமியாகக் கும்பிட்ட இடம். படியிறங்கிப் பார்த்தால் அந்தக் குளத்தில் இன்றும் தண்ணீர். கி.பி. 260 வாக்கில் ஊர் அழிந்து மண் மூடி, 1921-இல்தான் தோண்டத் தொடங்கினார்கள்.

அங்கிருந்து சில நூறு அடி தள்ளி சேன் போல் து மோசோல் மடம். வான்கோ 1889 மே மாதம் தானாகவே வந்து இந்த மனநல விடுதியில் சேர்ந்து ஒரு வருடம் இருந்தார். நட்சத்திர இரவு ஓவியம் இங்கேதான், 1889 ஜூனில். அவர் அறையை மீட்டமைத்து வைத்திருக்கிறார்கள். இரும்புக் கட்டில், கம்பி போட்ட ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வயல். ஓவியத்தில் உள்ள ஊர் அந்த ஜன்னலில் தெரியாது, அது அவர் சேர்த்துக்கொண்டது. அவர் சட்டம் வைத்து வரைந்த இடங்களில் ஓவியப் பிரதிகளைப் பலகையில் வைத்திருக்கிறார்கள். பலகையையும் மலையையும் மாறி மாறிப் பாருங்கள்: ஆல்பீ மலை முதுகு நிஜமாகவே அப்படித்தான் நெளிகிறது. மடத்தின் ஒரு பகுதி இன்றும் மனநல சிகிச்சை இடம், அதனால் சத்தம் வேண்டாம்.

பக்கத்திலேயே லெ போ. பாறை உச்சியில் கோட்டை, கீழே பழைய கல்குவாரிக்குள் சுவர் முழுக்க ஓவியங்களை ஒளியாகப் பாய்ச்சும் காட்சி. கூட்டம் அதிகம், பிள்ளைகள் கூட இருந்தால் மட்டும் போங்கள். பாக்ஸைட் தாதுவுக்குப் பெயர் வந்தது இந்த ஊரிலிருந்து. திரும்பும் வழியில் ஏதாவது ஒரு ஆலிவ் எண்ணெய் ஆலையில் நிறுத்தி ரொட்டித் துண்டில் தொட்டுச் சாப்பிடத் தருவதை வாங்கிப் பாருங்கள். தொண்டையில் மிளகு மாதிரிக் காரும். நல்ல எண்ணெய் என்பதற்கு அதுதான் அடையாளம்.

வியாழன்: ஓரான்ஜ், ஷாத்தோநெஃப்

ஓரான்ஜ் ஊரில் பார்க்க வேண்டியது ஒரு சுவர். ரோமானிய நாடக அரங்கின் மேடைக்குப் பின்சுவர், 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். பதினான்காம் லூயி இதைத் தன் ராஜ்யத்திலேயே அழகான சுவர் என்றானாம். நடுமாடத்தில் மூன்றரை மீட்டர் உயரத்தில் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் சிலை. வெளிப்பக்கம் வந்து மேலே பாருங்கள், வரிசையாகக் கற்கள் நீட்டியிருக்கும், சிலவற்றில் துளை. கம்பம் நட்டு அரங்குக்குப் பந்தல் துணி இழுத்த இடம். ஊரின் வடக்கு முனையில் வெற்றி வளைவு, பத்து நிமிடம். நெதர்லாந்து விளையாட்டு வீரர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை போடுவதற்கும் இந்த ஊரே காரணம். இது அவர்கள் அரச குடும்பத்தின் பழைய சமஸ்தானம்.

பதினோரு மணிக்குள் கிளம்பினால் ஷாத்தோநெஃப் துய் பாப் இருபது நிமிடம். போப் கோட்டையில் மிஞ்சியிருப்பது பாதிக் கோபுரம்தான், 1944-இல் ஜெர்மானியப் படை வெடிவைத்தது போக மிச்சம். ஊருக்கு வெளியே தோட்டங்களில் மண்ணே தெரியாது, உருண்டைக் கூழாங்கற்கள். உள்ளங்கையை விடப் பெரியவை. பகல் முழுக்க வெயிலைக் குடித்து இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கும். சாயங்காலம் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள், இட்லிச் சட்டியை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆன சூடு. கொடிகளும் பந்தல் ஏறுவதில்லை, காற்றுக்குப் பயந்து குட்டையான புதர்களாக நிற்கும். பதின்மூன்று வகைத் திராட்சைக்கு அனுமதி, முக்கியமானது கிரெனாஷ். அறுவடை கையால் மட்டுமே. இங்கே 1923-இல் தோட்டக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதிகள்தான் பிரான்சின் ஒயின் பெயருரிமைச் சட்டத்துக்கு முன்மாதிரி. விதி போடுவதில் இந்த ஊரை அடிக்க முடியாது: 1954-இல் மேயர் பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்று ஆணையே பிறப்பித்தார்.

இப்போது சுவைப்பது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'ஒயின்ஷாப்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் உள்ள அர்த்தமே வேறு.

முந்தின நாளே போன் அல்லது மின்னஞ்சலில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு இரண்டு தோட்டம், அதற்கு மேல் நாக்குக்கு எதுவும் தெரியாது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை போகாதீர்கள், சாப்பாட்டு நேரம். உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றுவார்கள். முதலில் வெள்ளை, கடைசியில் சிவப்பு. கிளாஸைத் தண்டில் பிடித்து, சாய்த்து நிறம் பாருங்கள். சுழற்றாமல் ஒரு தடவை முகருங்கள், சுழற்றி இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விஷயமே. பிறகு ஒரு மிடறு, வாய் முழுக்கச் சுற்றவிட்டு, வாளியில் துப்புங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், தயாரிப்பவரும் துப்புவார். கார் ஓட்டுகிறவர் கட்டாயம் துப்ப வேண்டும்: லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, புதிதாக உரிமம் எடுத்தவருக்கு 0.2. வாசனை என்ன என்று கேட்டால் அத்திப்பழம், லவங்கம், மிளகு, ஈரமண் என்று தோன்றியதைச் சொல்லுங்கள். கிராம்பும் ஏலமும் மணந்த சமையலறையில் வளர்ந்த மூக்குக்கு இது ஒன்றும் புதிய வேலை இல்லை.

வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் குடும்பமாக நடத்தும் சின்ன இடத்தில் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, சுவைக்கக் காசும் வாங்கவில்லை என்றால், ஒரு பாட்டில் எடுப்பது வழக்கம். ஷாத்தோநெஃப் விலை அதிகம். அதே தோட்டக்காரரின் சாதாரண கோத் துய் ரோன் ஒயின் பாதிக்கும் குறைவான விலையில் இருக்கும், அதைக் கேளுங்கள். அன்றிரவு சாப்பாட்டோடு குடிக்க எனக்கு அதுவே பிடித்தது.

வெள்ளி: கிளம்பும் நாள்

ரயிலுக்கு முன் இரண்டு மணி நேரம் இருந்தால் அவிஞ்ஞோனின் ஆங்லாதோன் மியூசியத்துக்குப் போங்கள். சின்னது, ஒரு பழைய வீடு. அங்கே ஒரு வான்கோ இருக்கிறது, ஆர்லில் அவர் வரைந்த ரயில் பெட்டிகள். வாரம் முழுக்க அவர் நின்ற இடங்களைப் பார்த்த பிறகு அவர் கைபட்ட சாயத்தைக் கடைசியில்தான் பார்க்கிறோம். கிட்டே போய் நின்றால் தூரிகைத் தடம் மேடு பள்ளமாகத் தெரியும்.

பெட்டி கட்டும்போது: இந்தியாவுக்குள் ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு. ஜீன்ஸ் பேன்ட்டின் காலுக்குள் ஒன்றொன்றாக நுழைத்து, துணிகளுக்கு நடுவில், செக்-இன் பெட்டியில் வையுங்கள். நான் பாட்டிலைப் பத்திரமாக அனுப்பிவிட்டு, ஆர்ல் சந்தையில் தேடி வாங்கிய நெத்திலி சேர்க்காத ஆலிவ் விழுதைக் கைப்பையில் வைத்திருந்தேன். விமான நிலையச் சோதனையில் விழுதும் திரவக் கணக்குதானாம். 100 மில்லிக்கு மேல் என்று சொல்லிக் குப்பைக் கூடையில் போட்டார்கள்.